துறையூர்க் கடிகாரத்தில் மணி ஏழரை

அத்தியாயம் இருபத்து மூன்று

போன வாரம் விமானத்தை ரத்து செய்துவிட்டு நான் பேனாவை மூடிவைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். புந்தோங் சந்தையில் மீன் வாங்க நின்ற என் கையைப் பிடித்து இழுத்து ஓர் அம்மா கேட்டார், ஐம்பத்தைந்து வருஷம் கழித்து வருகிற அண்ணனைக்கூடத் திருச்சியிலேயே உட்கார வைத்துவிட்டாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று. விமானத்தை நிறுத்தியது மழை, நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. மீன்காரரும் நம்பவில்லை.

சரி, கல்யாண நாளுக்கு வந்துவிட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மாவுக்கு நான்கு வயதானபோது, குடியுரிமை இல்லையென்று அவருடைய அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை போனது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. குடும்பத்தோடு மலேசியாவை விட்டு, திருச்சிப் பக்கத்துச் சொந்த ஊரான துறையூருக்குத் திரும்ப ஏற்பாடானது. கப்பலேறுகிற வாரம் பார்த்துச் சின்னவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதனால் அத்தை ராக்காயியிடம் அவளை விட்டுவிட்டு, அம்மை இறங்கியதும் அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு, பதினோரு வயது மகன் பத்துமலையை மட்டும் கூட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் போனார்கள். லாரியில் நின்றுகொண்டு அண்ணன் தங்கச்சியைப் பார்த்து, "நாளைக்கு வாரேன்" என்று கத்தினான். மாரியம்மாவுக்கு அந்த வயதில் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான்.

அம்மை இறங்கியது. அனுப்பத்தான் முடியவில்லை. அங்கே அப்பா இறந்தார், அம்மா இறந்தார், இங்கே அத்தையும் இறந்துபோனார். அப்பாவை விரட்டிய சங்கடம் மகளையும் விடவில்லை. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே கட்டிக்கொடுத்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மாரியம்மாவின் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். நீல அட்டை கிடைக்காதவரை குடிமகள் கிடையாது, பாஸ்போர்ட் என்கிற கடப்பிதழும் கிடையாது, கடல் தாண்டவும் முடியாது. இதை அவர் அண்ணனிடம் மட்டும் இதுவரை சொல்லவில்லை. அது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

அண்ணனைப் போன வருஷம் கண்டுபிடித்தவள் மகள் தினேஸ்வரி. கைப்பேசியில் தேடினாள். திருச்சிப் பக்கம் துறையூரில், நம் நாட்டு முருகன் கோயில் மலையின் பெயரான பத்துமலை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற மனுஷர் ஒரே ஒருவர்தான் இருந்தார். இன்று அந்தத் தினேஸ்வரிக்குக் கல்யாணம்.

*

ஈப்போ கோயில் மண்டபத்தில் மணப்பெண் அறையில் விடிவதற்கு முன்பே விளக்கெல்லாம் போட்டாயிற்று. தினேஸ்வரியின் முகத்துக்கு ஒருத்தி வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். மாரியம்மா மல்லிகைச் சரத்தை மடியில் போட்டுக்கொண்டு, அதைத் தொடாமல், கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை முழுக்க நீலக் கடல். அதன் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். மகன் யுகேந்திரன்தான் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, "இந்த மஞ்சள்தான்ம்மா மாமா" என்று காட்டிவிட்டு, கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தான். மாரியம்மாவுக்கு அது விமானமாகவே தெரியவில்லை. அண்ணனே கடல்மேல் நடந்து வருகிறார் என்றுதான் தோன்றியது.

அத்தை சொல்லிச் சொல்லி அந்தக் கடலை அவருக்குத் தெரியும். ஏழெட்டு நாள் கப்பல். தலை தூக்க முடியாது, சோறு இறங்காது, செத்தவர்களைத் துணியில் சுற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட கடலை அண்ணன் இருட்டோடு ஏறி, இவர் குளித்துப் புடவை கட்டுவதற்குள் பாதி தாண்டிவிட்டார். மாரியம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மஞ்சள் விமானம் திரையில் காணாமல் போனது.

ஒரு விமானம் திரையிலிருந்து மறைந்து, திரும்பி வராமலே போனதைப் பார்த்த நாடு இது. மாரியம்மா எழுந்து நின்றுவிட்டார். மடியிலிருந்த பூவெல்லாம் தரையில் கிடந்தது. தினேஸ்வரி கண்ணை மூடியபடியே, நடுக்கடலில் சிக்னல் பிடிக்க ஆள் இல்லை, கரை வந்ததும் தெரியும் என்று பொறுமையாகச் சொன்னாள். அம்மா கேட்கவில்லை. மகமாயி, மகமாயி என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுமத்ராவின் தலைப்பக்கம் மஞ்சள் மறுபடியும் முளைத்தது. இம்முறை மாரியம்மா அழுதுவிட்டார். "வந்துட்டாரும்மா, வந்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். வண்ணம் பூசிய பெண்ணும் கூடச் சேர்ந்து மூக்கை உறிஞ்சினாள், அவளுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது என்றாலும்.

ஆனால் வந்து இறங்குவது கோலாலம்பூரில். கல்யாணம் நடப்பது ஈப்போவில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்ததே அண்ணன்தான். எல்லாச் செலவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தாய்மாமன் பங்காக நேரத்தை மட்டும் நீ பார்த்துச் சொல் அண்ணே என்று மாரியம்மா கேட்டிருந்தார். அவரும் துறையூர் ஜோசியரிடம் போய் உட்கார்ந்து, கேட்டு, குரல் பதிவில் அனுப்பினார். அப்படியே பத்திரிகையில் அடித்தார்கள். வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டியவர் இப்போதுதான் வருகிறார், அவர் குறித்த நேரத்துக்கே அவரால் வர முடியாது.

மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். மாரியம்மாவின் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கிலும் அந்த இடத்தில் சொந்த மாமன் நின்றதில்லை. பழைய தோட்டத்து ஆள் ஐயாவுதான் காது குத்தியபோதும் மடி கொடுத்தார், தினேஸ்வரி பெரியவளானபோதும் மாலை போட்டார். இன்றைக்கும் அவர் தலைப்பாகையோடு தயாராக நின்றார். தங்கமான மனிதர். ஆனால் இந்த ஒரு தடவையாவது, கடைசித் தடவையாவது, அண்ணன் நிற்கட்டும் என்று மாரியம்மா கேட்காத சாமி இல்லை.

*

விமான நிலையத்தில் யுகேந்திரன் மாமாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, புத்தம்புதுச் சக்கரப் பெட்டியைச் சுற்றிக் கயிற்றுக் கட்டு. வெளியே வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் விரைய, அவர் மட்டும் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யுகேந்திரன் காலில் விழுந்து எழுந்தான். பத்துமலை அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவர் வாயில் வந்தது நலம் விசாரிப்பு அல்ல.

"இவ்வளவுதானா?" என்றார்.

"என்னாது மாமா?"

"தூரம். இவ்வளவுதானா? ஏறி உக்காந்தேன், ஒரு டீ குடுத்தாங்க, கொஞ்சம் கண்ண மூடினேன், எறங்குன்னுட்டாங்க. இதுக்காய்யா அம்பத்தஞ்சு வருஷம்?"

யுகேந்திரன் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டான். விமானத்துக்கு நாலு மணி நேரம், தூரம் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் போல என்று கணக்குச் சொன்னான். ஈப்போவில் பஸ் ஏறி ஜொகூர் போய்ச் சேர இதைவிட அதிக நேரம் ஆகும் என்றான். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது. மாமா அதைக் கேட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

காரை நெடுஞ்சாலையில் ஏற்றும்போதே யுகேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது, பறந்தாலும் பத்தரைக்குள் ஈப்போ போய்ச் சேர முடியாது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னான். அம்மா மெதுவாக ஓட்டச் சொன்னார். அழைப்பை வைத்த பிறகு அவன் வேகத்தை இன்னும் கூட்டினான் என்பதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாமாவிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்கோலம் போவது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்த மனிதரிடம், நீங்கள் போவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும் என்று எந்த வாயால் சொல்வது?

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் பத்துமலை நிமிர்ந்து உட்கார்ந்தார். இருபுறமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மைல் கணக்கில் செம்பனை. அவர் ரப்பர் மரத்தைத் தேடுகிறார் என்று யுகேந்திரனுக்குப் புரிந்தது. இங்கே எல்லாம் வெட்டிப் பனை போட்டு ரொம்ப வருஷமாச்சு மாமா என்றான். அவர் தலையாட்டினார். சிலிம் ரிவர் பலகையைப் பார்த்ததும் மட்டும் கண்ணாடியில் கையை வைத்தார்.

"கொஞ்சம் நிறுத்துப்பா. ஒரு நிமிஷம். எறங்கி நின்னுட்டு வந்துடறேன்."

யுகேந்திரனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஓய்விடத்தில் நிறுத்தினான். மாமா இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராகக் கடை வரிசைக்குப் போய், தலைமுக்காடு போட்ட மலாய்ப் பெண்மணியிடம், "கோப்பி ஓ, சத்து" என்றார். அவர் பால் சேர்க்காத காப்பி ஒன்று கலந்து கொடுத்தார். மாமா திகைத்துப்போய் யுகேந்திரனைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வருஷமாக யாரிடமும் பேசாத மொழி. வாயைத் திறந்தால் அங்கேயே இருந்தது.

ஆனால் நின்று நிதானமாக ஊதி ஊதிக் குடிப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மண்டபத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரன் ரூபன் மச்சான் மூன்றாவது தடவை அழைத்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் முகம் சரியில்லையாம்.

"மாமா, நேரமாச்சு மாமா. போலாம்லா."

"இருப்பா. மணி ஏழரைதான ஆவுது. ஒம்போதுக்குத்தான முகூர்த்தம்?"

யுகேந்திரன் அவர் மணிக்கட்டைப் பார்த்தான். சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். ஏழரை காட்டியது. விமானத்தில் நேரம் மாற்றச் சொன்னது அவர் காதில் விழவில்லை போலும். மாமா, இங்கே மணி பத்து, உங்கள் ஊரைவிட நாங்கள் இரண்டரை மணி நேரம் முன்னால் என்று சொல்ல வாயெடுத்தான்.

வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நேரத்தைக் குறித்தது இவர். இந்தக் கடிகாரத்தை வைத்து. துறையூர் ஜோசியர் பார்த்தது துறையூர்ப் பஞ்சாங்கத்தை. அவர்கள் ஒன்பது என்றால் அது அங்கே ஒன்பது. அதை வாங்கிப் பத்திரிகையில் போட்ட யாருக்கும், அம்மாவுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, படித்த மாப்பிள்ளை வீட்டுக்கும் இல்லை, நடுவில் ஒரு கடல் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை. அண்ணன் சொன்ன நேரம், அவ்வளவுதான்.

அவன் கைப்பேசியை எடுத்தான். அம்மாவை அழைத்தான்.

*

மண்டபத்தில் மாரியம்மா அன்று நேரத்தை இழுக்கச் செய்த தில்லுமுல்லுகளை இங்கே முழுசாக எழுதினால் அவர் மானம் போய்விடும். பெண்ணின் தலையில் பூ மூன்று தடவை உதிர்ந்தது. வளையல் ஒன்று காணாமல் போய் அவருடைய பைக்குள்ளேயே கிடைத்தது. புடவை மடிப்பு சரியில்லையென்று திரும்பக் கட்டினார்கள். தினேஸ்வரிக்கு எல்லாம் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் நின்று கொடுத்தாள்.

மாப்பிள்ளை சுகுமாரின் அப்பா துரைசிங்கம் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி. தோட்டத்துப் பெண்ணை மகன் கட்டுகிறான் என்றதும் முகம் சுளித்து, பிறகு தினேஸ்வரியைப் பார்த்துப் பேசி மனம் மாறியவர் என்பது பதினான்காம் அத்தியாயம் படித்தவர்களுக்குத் தெரியும். நல்லவர்தான். ஆனால் நேரம் தவறினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. மூன்றாவது தடவை அவரே வந்து அறை வாசலில் நின்றார்.

"மாரியம்மா, இன்னும் கொஞ்ச நேரத்தில முகூர்த்தம் முடியுது. நேரம் எண்டா நேரம்தானே. பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஐயாவு தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். மாரியம்மாவின் கணவர் சன்னாசி, ஆயுளில் யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர், துண்டை மடித்தார். அந்த நேரத்தில்தான் கைப்பேசி அடித்தது.

மகன் சொன்னதை மாரியம்மா முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துக் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டார். இத்தனை நாளில் சம்பந்தி வீட்டாரை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவர், துரைசிங்கத்தைத் தாண்டி நடந்து, நாதஸ்வரக்காரரைத் தாண்டி, நேராக மணவறைக்கே போய்விட்டார். குருக்களிடம் விஷயத்தைச் சொன்னார். முகூர்த்தம் பார்த்தது துறையூரில்.

குருக்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார். இங்கத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் குறித்திருப்பீர்கள் என்று நினைத்தேனம்மா, பத்திரிகையில் போட்ட நேரத்தை நான் ஏன் கேட்கப் போகிறேன் என்றார். பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

மாரியம்மா இரண்டரை மணி நேரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்திருந்தார். குருக்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. லக்னம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை, சூரியன் எழுவதைப் பார்த்து வருகிறது. துறையூரில் ஆறு மணிக்கு மேல் எழுகிற சூரியன் ஈப்போவில் ஏழு மணிக்கு மேல் எழுகிறது. ஆகவே அங்கே ஒன்பது என்றால் இங்கே பத்து. அங்கே பத்தரை என்றால் இங்கே பதினொன்றரை. கடல் கொடுத்தது ஒரு மணி நேரம்தான்.

யுகேந்திரன் சிலிம் ரிவரில் இருந்தான். ஒரு மணி நேரம் போதுமா போதாதா என்கிற நிலை.

துரைசிங்கம் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். மண்டபமே மணவறையைப் பார்த்தது. மாரியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, நேரத்த தவற விடுங்கன்னு நான் கேக்கல. அண்ணன் பாத்துக் குடுத்த நேரம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அது முடியிறவரைக்கும் காத்திருங்கன்னுதான் கேக்குறேன். அதுக்குள்ள வரலன்னா ஐயாவு அண்ணன் கையாலயே நடக்கட்டும். அப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

துரைசிங்கம் குருக்களின் கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, அவரே ஒரு தடவை கணக்குப் போட்டார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டதை முகமே காட்டியது. புத்தகத்தை மூடிவிட்டுத் தன் உறவினர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒன்பது மணிக்குக் கட்டியிருந்தால்தான் பிழை. இன்னும் நேரம் இருக்கு. எல்லாரும் இருங்கோ," என்றார். பிறகு நாதஸ்வரக்காரரைப் பார்த்து வாசிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

ஐயாவு மெல்லத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, நிம்மதிதான். அவரும் அந்தத் தோட்டத்தில் பத்துமலையோடு கோலி விளையாடியவர்.

*

கோப்பேங் பக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று பத்து நிமிஷத்தைத் தின்றது. அதைப் பற்றி யுகேந்திரனைக் கேட்டால் இன்றைக்கும் அவனுக்கு வியர்க்கும். சிம்பாங் பூலாய் வழியாக ஊருக்குள் நுழைந்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புகுந்து, கார் மண்டபத்து வாசலில் நின்றபோது துறையூர்க் கடிகாரத்தில் எட்டே முக்கால். நம் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

மாரியம்மா வாசலுக்கு ஓடிவந்தார். ஓடிவந்தவர் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார்.

அவருக்குத் தெரிந்த அண்ணன் லாரிமேல் நின்றவன். தலையை அண்ணாந்து பார்த்த அண்ணன். காரிலிருந்து இறங்கியவர் இவர் உயரம்தான். நரைத்த மீசை, காது மடலில், அத்தை சொல்லிச் சொல்லித் தெரிந்த அப்பாவின் அதே மச்சம். இத்தனை மாதமாகத் தொலைபேசியில் தினமும் பேசியவர்தான், நேரில் புது ஆளாக நின்றார்.

பத்துமலை கிட்டே வந்தார். கையைத் தூக்கி, புறங்கையைத் தங்கச்சியின் நெற்றியில் வைத்தார்.

"அம்மை எறங்கிருச்சா மாரி?"

"எறங்கிருச்சுண்ணே."

அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. அந்த வாசலில் அழாமல் நின்றவர் யாரென்று கேட்டால், கார் நிறுத்தக் கையசைத்துக்கொண்டிருந்த காவலாளி ஒருவர்தான். துரைசிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, நேரம், நேரம் என்றும் சொன்னார்.

பெட்டிக் கயிற்றை அவிழ்க்க அவகாசமில்லாமல் அறுத்தார்கள். ஐயாவு தன் தலைப்பாகையை எடுத்து வந்து பத்துமலையின் தலையில் வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துறையூரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த தங்க நிறப் பட்டத்தைப் பத்துமலை தினேஸ்வரியின் நெற்றியில் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவள் அசையாமல் நின்றாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவே, கடல் தாண்டி வந்த கால்களால் ஒவ்வோர் அடியாக நடந்து மணவறைக்குக் கூட்டிவந்தார். மாரியம்மா பின்னால் நடந்தார். பெண்ணைப் பார்க்கவில்லை, அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

கெட்டிமேளம் கொட்டியபோது முகூர்த்தத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. சுகுமார் தாலி கட்டினான். அட்சதை மழை. மாரியம்மாவுக்கு எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போலத் தெரிந்தது.

*

பந்தியில் அண்ணனும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யுகேந்திரன்தான் அந்த வரிசைக்கு ரசம் ஊற்றிக்கொண்டு வந்தான். புதுப் பெண் தினேஸ்வரி மாமாவின் எதிரே நின்று, எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்ததே உங்கள் கடிகாரம்தான் என்று சிரித்தாள். இங்கத்து நேரத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கையை நீட்டினாள்.

பத்துமலை சட்டென்று மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. இது இப்படியே ஓடட்டும். பத்து நாள்ல ஒங்கம்மாவ கூட்டிக்கிட்டுப் போயி அங்க எறங்கும்போது அதுவே சரியாயிடும்."

மாரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

அடுத்த மாதம் அவருடைய கடைசி மகனுக்குக் கல்யாணம் என்றார் பத்துமலை. எத்தனையோ சடங்கு நடந்துவிட்டது, பிள்ளைகளின் அத்தை எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலித்துவிட்டது, இனிமேல் முடியாது என்றார். பயமாக இருந்தால் சன்னல் ஓரம் வேண்டாம், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்றார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நாலு மணி நேரந்தான் மாரி. ஒரு டீ குடுப்பாங்க. கண்ண மூடித் தொறந்தா எறங்கிடலாம்."

யுகேந்திரனின் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. தினேஸ்வரியின் சிரிப்பும் நின்றது. சிவப்பு அட்டை அம்மாவின் கைப்பைக்குள், மேசைக்கு அடியில், அம்மாவின் காலடியிலேயே இருந்தது. இந்த நிமிஷத்திலாவது அம்மா சொல்லிவிடுவார் என்று இருவரும் நினைத்தார்கள்.

மாரியம்மா அண்ணனின் இலையைப் பார்த்தார். அப்பளம் தீர்ந்திருந்தது. தன் இலையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

"வாரேண்ணே," என்றார்.

அன்று லாரியிலிருந்து அண்ணன் சொன்ன அதே குரல். கொஞ்சமும் சந்தேகமில்லாத குரல். பத்துமலை மனம் நிறைந்து அப்பளத்தை நொறுக்கினார். மாரியம்மா தலையைத் தூக்கவில்லை, மகனையும் மகளையும் பார்க்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.